ஏழாம் கட்டிலின் முதல் எண்

பெரியப்பா,

நேற்று லாண்ட்ரி அறையில் பழைய அலமாரியை நகர்த்தினார்கள். துணி உலர்த்தப் புது மெஷின் வருகிறதாம், இடம் வேண்டுமாம். அலமாரிக்குப் பின்னால் ஒரு பால் டின் உருண்டு கிடந்தது. அதன் வாயில் பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியவள் நான்தான். அவிழ்த்தேன். புழுங்கல் அரிசி வாசம், கொஞ்சம் மக்கிப்போய், மூக்கில் ஏறியது. நாலைந்து வண்டுகள் வெளிச்சத்தைக் கண்டு அரிசிக்குள் புகுந்துகொண்டன. நான் அப்படியே துணிமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அது நம் டின். நீங்கள் என் கையிலிருந்து பிடுங்கிய டின்.

உங்களுக்கு வருஷத் திவசம் வருகிறது. அதற்குள் உங்களைத் தெரிந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒன்று எழுதித் தந்தால் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று உங்கள் மகள் கேட்டாள். எனக்கு எழுதத் தெரியாதே என்றேன். "போன்ல பேசி அனுப்புங்கக்கா, நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றாள். என் பேச்சு நேராகப் போகாது, பஸ் மாதிரி எல்லா ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பரவாயில்லையாம். நான் கொச்சையாகப் பேசுவதை அவள் ஒழுங்கான தமிழில் போட்டுக்கொள்வாள். உங்களைப் பார்த்திராதவர்களும் படிப்பார்களாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லுகிற மாதிரி சில இடத்தில் இருக்கும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆங் மோ கியோவில் எங்கள் முதியோர் இல்லத்துக்கு நீங்கள் வந்தது இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு. ஏழாம் நம்பர் கட்டில். உங்கள் கைலி, பனியன், துண்டு எல்லாவற்றிலும் ஓரத்தில் அழியாத மையில் 7 என்று போட்டதே நான்தான். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். துணி மடிக்கிறவளுக்கு அது போதும். யார் வேட்டி யார் கட்டிலுக்குப் போக வேண்டும் என்பதில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைதான் தப்பு செய்திருக்கிறேன். பன்னிரண்டாம் கட்டில் சீனத் தாத்தாவின் பைஜாமாவை ஒரு மலாய்க்காரப் பெரியவருக்கு மாட்டிவிட்டார்கள், அவர் அது தனக்கு நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தரவே மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கதை வேண்டாம், அது பெரிசு.

உங்களுக்கு அப்போதே ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. நாற்பது வருஷம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அரிசிக் கடையில் நின்றவர் நீங்கள். சீனக் கிழவிகளோடு ஹொக்கியனில் பேசுவார், மலாய்க்காரர்களோடு மலாய் பேசுவார், வெள்ளைக்காரன் வந்தால் இங்கிலீஷிலேயே விலை சொல்லுவார் என்று உங்கள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களிடம் வந்தபோது அதெல்லாம் உங்களை விட்டுப் போயிருந்தது. தமிழ் மட்டும் மிச்சம். இல்லத்தில் உங்களைத் தூக்கி உட்கார வைக்கிறவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. "அங்கிள், ஒன், டூ, த்ரீ, ஸ்டாண்ட் அப்" என்பார்கள். நீங்கள் அவர்களைப் பார்ப்பீர்கள். ஏதோ கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், நமக்கில்லை என்பது போல.

நான் துவைத்த துணியைக் கொண்டுவந்து வைக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவேன். "சாப்பிட்டீங்களா பெரியப்பா?" என்றால் "சாப்பிட்டேன் தாயி. வீட்டுக்குப் போலாமா?" என்பீர்கள். தினமும் அதே கேள்வி. "நாளைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்து வந்துவிடுவேன். அந்தப் பொய் எனக்குப் பிடிக்காது, ஆனால் வேறு என்ன சொல்ல?

உண்மையில் உங்கள் மகள் உங்களைத் தோ பாயோவில் தன் வீட்டுக்கு அழைத்துப்போகத்தான் துடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளும் ஒரு பணிப்பெண்ணும்தான். உங்களைத் தூக்க முடியாது. அதனால் பிசியோ தம்பி ஒரு கணக்கு சொல்லியிருந்தார். அவர் நல்ல பையன், இங்கேயே பிறந்து வளர்ந்த சீனர். எண்ணினால் நீங்களாகக் கட்டிலிலிருந்து எழ வேண்டும், ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும் என்கிற மாதிரி. பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு அவ்வளவுதான் தூரம். ஆறு வாரத்தில் அது நடந்தால் வீடு. நடக்காவிட்டால் எங்களோடேயே கடைசி வரைக்கும். அதற்குப் பிறகு கால் மடங்கிப் போய்விடும், எழவே வராது என்றார்.

இதைக் கேட்டுத்தான் சிஸ்டருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தலைமை நர்ஸ், மலாய்க்கார அம்மா, சத்தமே போட மாட்டார். லாண்ட்ரிக்கு வந்து நின்றார்.

"அக்கா, யூ டீச் தெம் தமிழ் நம்பர். ஒன் டு டென் இனஃப்."

"நானா? சிஸ்டர், ஐ நோ ஸ்கூல். ஸ்கூல் வாசல்லகூட நின்னதில்ல."

"கேன் லா. யூ கவுன்ட் டவல் எவ்ரிடே. சேம் சேம்."

அவர்கள் வேலை முழுக்க எண்தான் பெரியப்பா. மூன்று சொல்லித் தூக்க வேண்டும். காலைப் பத்து தடவை மடக்கி நீட்டச் சொல்ல வேண்டும். மாத்திரை இரண்டு, இன்னும் ஒரு வாய், ஐந்து நிமிஷம் பொறுங்கள். ஒண்ணிலிருந்து பத்து வரைக்கும் தெரிந்தால் பாதி வேலை ஓடிவிடும். புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் வகுப்பு. இடம் லாண்ட்ரி அறை. மாணவர்கள் ஐந்து பேர். மியன்மாரிலிருந்து வந்த சூ, இன்னும் மூன்று பெண்கள், அப்புறம் பிசியோ தம்பி.

முதல் நாள் நான் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லச் சொல்ல அவர்களும் கோயில் பஜனை மாதிரி கூடவே சொன்னார்கள். அடுத்த புதன்கிழமை வந்து கேட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. சூ மட்டும் "நாலு" என்றாள். ஏன் நாலு மட்டும் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தேன். நான் எப்படி எண் கற்றேன்? யாரும் சொல்லித் தரவில்லை. நாற்று முடி எண்ணினேன், வறட்டி எண்ணினேன், தானாக வந்துவிட்டது. சரி, இவர்கள் கையிலும் ஏதாவது கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

லாண்ட்ரியில் ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்ட மரப்பெட்டி அடுக்கு இருக்கிறது, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒன்று. நான் "எட்டு" என்று கூவுவேன், அவர்கள் மடித்த துண்டோடு ஓடிப்போய் எட்டாம் பெட்டியில் வைக்க வேண்டும். முதலில் வைத்தவர் உட்காரலாம், கடைசியாக வருகிறவர் அடுத்த மூட்டையைப் பிரிக்க வேண்டும். பிறகு சாக்ஸ் விளையாட்டு. ஜோடி சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கி நான் "ஒண்ணு" என்று எறிவேன், பிடிக்கிறவர் "ரெண்டு" என்று சொல்லி அடுத்தவருக்கு எறிய வேண்டும். எண் வராவிட்டால் சாக்ஸ் அவர் மடியிலேயே கிடக்கும். பிசியோ தம்பி மடியில் ஒரு நாள் பதினாலு ஜோடி கிடந்தது. "ஆன்ட்டி, ஐ ஓபன் ஷாப் ஆல்ரெடி" என்றார். சூ சிரித்துச் சிரித்து மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள்.

கை காட்டுகிற விளையாட்டில்தான் பெரிய குழப்பம். நான் எண் சொன்னால் கையில் காட்ட வேண்டும். ஆறு என்றேன். சூ இரண்டு கையாலும் ஆறு விரலை நீட்டினாள். பிசியோ தம்பி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் விரித்துக் காதுப் பக்கம் கொண்டுபோனார். "தம்பி, போன் அப்புறம் பேசலாம்" என்றேன். "நோ ஆன்ட்டி, திஸ் இஸ் சிக்ஸ். சைனீஸ் சிக்ஸ்." நான் எப்போதும் போலக் கட்டைவிரலை மோதிரவிரலின் மேல் கணுவில் வைத்துக்கொண்டு காட்டினேன். நம் ஆட்கள் விரல் கணுவில்தானே எண்ணுவோம், விரலுக்கு மூன்று. அவர்கள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "வேர் இஸ் சிக்ஸ்? ஆன்ட்டி, யூ ஹைட்." நான் ஒளித்து வைத்திருக்கிறேனாம்.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் பெரியப்பா. எண் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஆள் அதைப் பிடிக்கிற இடம் வேறு என்று. அது கண் முன்னால் நடந்தது, நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

மூன்று வாரத்தில் சூ பத்து வரைக்கும் தண்ணீர் மாதிரி சொன்னாள். காலையில் உங்கள் கட்டிலுக்குப் போனாள். வாக்கரை முன்னால் வைத்து, உங்கள் தோளைத் தொட்டு, "பெரியப்பா, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். நான் வாசலில் துணி வண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை மேடை ஏறின மாதிரி இருந்தது எனக்கு.

நீங்கள் எழவில்லை.

அவளைப் பார்த்தீர்கள். காத்திருந்தீர்கள். அவள் மறுபடி சொன்னாள். உங்கள் முகம் சுருங்கியது. அவள் கையைத் தள்ளிவிட்டீர்கள். என் பக்கம் திரும்பி, "இவ தப்பா அளக்குறா தாயி" என்றீர்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவள் உச்சரிப்பு சரியில்லை, அதைத்தான் சொல்லுகிறீர்கள் என்று நினைத்தேன். அளக்கிறாள் என்ற வார்த்தையைப் பிடித்து நிறுத்தி யோசிக்கவில்லை. ஞாபகம் போனவர் ஏதோ வார்த்தையை மாற்றிச் சொல்லுகிறார் என்று விட்டுவிட்டேன். விட்டதோடு போகவில்லை, அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிடும்போது, துணி பிரிக்கும்போது, லிஃப்டில் போகும்போதெல்லாம் "ஒண்ணு சொல்லு, இன்னொரு தரம் சொல்லு, நாக்கை மேல கொண்டு போ" என்று அவளை வாட்டினேன். இன்னும் இரண்டு வாரம் போனது. நீங்கள் தினமும் அவள் கையைத் தள்ளினீர்கள். ஒரு நாள் பெட்ஷீட் மூட்டைக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, மை ஒண்ணு நோ குட்?"

"குட்தான் சூ. ரொம்ப நல்லாருக்கு."

"தென் வை அங்கிள் ஹேட் மை ஒண்ணு?"

அவளுக்கு ஊரில் உங்கள் வயதில் அப்பா. நாலு வருஷமாகப் பார்க்கவில்லை. உங்கள் மகள் அந்த வாரம் வீட்டில் கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி அடித்திருந்தாள், போட்டோ கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாள். கெடு முடிய இன்னும் ஒரு வாரம்தான். கம்பி போட்டோவைப் பார்த்துப் பிசியோ தம்பி "நைஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் புதன்கிழமை லாண்ட்ரியில் தண்ணீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் வெள்ளம். வகுப்பைப் பொது ஹாலுக்கு மாற்றினோம். பெட்டி அடுக்கும் இல்லை, துண்டும் இல்லை. முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டில் வாங்கின புழுங்கல் அரிசி என் பையில் இருந்தது. சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினும் பால் டின்னும் வாங்கி வந்தேன். டின்னில் அளந்து பேசினில் கொட்டிக்கொண்டே எண்ணட்டும் என்று. நீங்கள் எங்களை ஒட்டி, ஜன்னல் ஓரமாகச் சக்கர நாற்காலியில் இருந்தீர்கள். வெயில் உங்கள் முழங்காலில் விழுந்திருந்தது. தூங்குகிறீர்கள் என்றே நினைத்தோம்.

நான் முதல் டின்னை மொண்டு, "ஒண்ணு" என்று கொட்டினேன்.

உங்கள் கை வந்தது. டின்னைப் பிடுங்கினீர்கள். அந்த வேகத்தை அதற்கு முன்னால் உங்களிடம் நான் பார்த்ததில்லை. நான் கொட்டியதையெல்லாம் பேசினிலிருந்து திரும்பப் பைக்குள் தள்ளினீர்கள், முதலிலிருந்து சரியாகச் செய்கிற மாதிரி. டின்னை அரிசிக்குள் அமுக்கி மொண்டீர்கள். உள்ளங்கையால் மேலே ஒரு வழி வழித்துத் தலை தட்டினீர்கள். ஒரு மணி கீழே சிந்தவில்லை. பேசினில் கொட்டிக்கொண்டே, கடைவாசல் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னீர்கள்:

"லாபம்."

அடுத்த டின். "ரெண்டு." அதற்கடுத்தது. "மூணு."

என் மாமனார் களத்தில் நெல் அளக்க மரக்காலைத் தூக்கும்போது இதே குரல். முதல் மரக்காலை ஒருத்தரும் ஒண்ணு என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்லுவார்கள். நெல்லு வீட்டுக்குள் வரும்போது முதல் சொல் நல்ல சொல்லாக வர வேண்டும் என்று. நானே எத்தனை அறுவடைக்கு அந்தக் களத்தில் முறம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நாற்பது வருஷம் அரிசி அளந்தவருக்கு எண்ணிக்கை எங்கே ஆரம்பிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. ஒண்ணு என்று சொன்னால் உங்களுக்கு எண்ணிக்கை இன்னும் ஆரம்பிக்கவில்லை. நீங்கள் தினமும் காலையில் ஆரம்பிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் ஆரம்பிக்கவே இல்லை.

பத்து டின் அளந்து முடித்துத்தான் டின்னைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"வாட் இஸ் லாபம்?" என்று பிசியோ தம்பி கேட்டார்.

"ஒன்," என்றேன்.

"யூ ஸே ஒன் இஸ் ஒண்ணு."

"எனக்கு ஒண்ணு. இவருக்கு லாபம்."

"வை லா ஆன்ட்டி, ஃபைவ் வீக்ஸ் வீ லேர்ன் ராங்?"

"நீங்க தப்பில்ல தம்பி. டீச்சர் தப்பு."

சூ உதட்டை மட்டும் அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் உங்கள் கட்டிலுக்குப் போனபோது லாண்ட்ரி, சமையலறை, துப்புரவு எல்லாரும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அந்த வராந்தாவிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். சிஸ்டர் மட்டும் நேராகவே வந்து நின்றார். சூ வாக்கரை வைத்தாள். "பெரியப்பா. லாபம்."

உங்கள் இரண்டு கையும் வாக்கரின் பிடிக்கு வந்தன.

"ரெண்டு." உடம்பு முன்னால் சாய்ந்தது.

"மூணு." எழுந்து நின்றீர்கள்.

யாரும் கை தட்டவில்லை. தட்டினால் நீங்கள் பயந்து உட்கார்ந்துவிடுவீர்களோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சூவைப் பார்த்து, "இப்ப சரி" என்றீர்கள். அவ்வளவுதான். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் தெரிந்துகொண்டாள்.

நடக்கும்போதும் அப்படியே. முதல் அடி லாபம், பிறகு ரெண்டு, மூணு. அதில் ஒரு வேடிக்கை, பத்து அடியில் உங்களை நிறுத்த முடியவில்லை. மூட்டை தீராமல் அளக்கிறவர் நிறுத்துவாரா? சாப்பாட்டு ஹால் வரைக்கும் போய் முப்பத்தி நாலில்தான் நின்றீர்கள். பிசியோ தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

இனி சொல்லப் போவதை எழுதலாமா என்று உங்கள் மகளைக் கேட்டேன். "எழுதத்தான் வேணும்கா" என்றாள்.

கெடு நாள் மதியம். பெரிய பிசியோ அம்மா வெளியிலிருந்து வந்திருந்தார், கையில் பேப்பரோடு. எங்கள் தம்பியும் சிஸ்டரும் பக்கத்தில். சூ எழுப்பத் தயாராகப் போனாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவது யாரோ அவர்தான் எழுப்ப வேண்டும், மற்றவர்கள் தள்ளி நில்லுங்கள் என்றார். நியாயம்தான். சூ பின்னால் வந்துவிட்டாள்.

உங்கள் மகள் முன்னால் வந்தாள். ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அட்டை தொங்கியது. அவளுக்கு நாங்கள் யாருமே சொல்லியிருக்கவில்லை பெரியப்பா. சொந்த மகள், தமிழ் பேசுகிற வீடு, அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்கும் ஒரு நினைப்பு. அவளோ பள்ளிக்கூடம், வேலை என்று வளர்ந்தவள். கடைக்குள் பெண்பிள்ளையை நீங்கள் விட்டதே இல்லையாம்.

"அப்பா, எழுந்திரிங்கப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு."

நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"அப்பா, வீட்டுக்குப் போணும்ல? நம்ம வீட்டுக்குப்பா. ஒண்ணு, ரெண்டு..." பெரிய பிசியோ அம்மா பேப்பரில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

தள்ளி நில்லுங்கள் என்று சொன்னார்களே, நான் துணி மடிக்கிறவள், பேசினால் கெட்டுப்போகுமோ என்று பயம். சூதான் ஒரு அடி முன்னால் வைத்தாள். மெதுவாக, பக்கத்து ஆளிடம் மணி கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அக்கா. நோ ஒண்ணு. லாபம்."

உங்கள் மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"ஃபர்ஸ்ட், லாபம். தென் ரெண்டு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே, வேறு வழி இல்லாமல், உங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அப்பா... லாபம்."

உங்கள் கை வாக்கருக்குப் போனது.

பிறகு நீங்கள் நடந்த பத்து அடியையும் அவளே எண்ணினாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் உங்கள் இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தன. மூக்கு ஒழுக ஒழுக எண்ணினாள். கதவுப் பக்கம் போனதும் நீங்கள் நின்று அவள் முகத்தைப் பார்த்து, "கடைய யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டீர்கள். "ஆள் இருக்குப்பா" என்றாள். அதற்கு மேல் கவலைப்படாமல் மறுபடி நடந்தீர்கள். பெரிய பிசியோ அம்மா எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள். உங்கள் துணிப்பையை நான்தான் கட்டிக் கொடுத்தேன். "போயிட்டு வாங்க பெரியப்பா" என்றேன். "நாளைக்கு வாறேன் தாயி" என்றீர்கள். நான் உங்களிடம் அத்தனை நாள் சொன்ன பொய்யை எனக்கே திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது.

எட்டு மாதம் வீட்டில் இருந்தீர்கள். அந்தக் கம்பியைப் பிடித்துத் தினமும் எழுந்தீர்கள். ஒரு காலை, காப்பி குடித்த கையோடு கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை.

தோ பாயோவில் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, திறந்த கூடமாக இருக்கிற வாய்டு டெக்கில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். நானும் சூவும் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடே வந்தோம். வாய்க்கரிசி போடுகிற நேரம் உங்கள் மகள் எங்களையும் வரிசையில் நிற்கச் சொன்னாள். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சூவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். "அவங்களும் போடுவாங்க" என்று உங்கள் மகள் சொன்னதும் அடங்கிவிட்டார்கள். தட்டில் பச்சரிசி. சூ என் காதில் கேட்டாள், "ஹவ் மெனி, ஆன்ட்டி?"

"மூணு தரம்."

எனக்கு முன்னால் அவள் முறை வந்தது. குனிந்து விரல் நுனியில் அரிசியை எடுத்தாள். உங்கள் காதுக்குக் கேட்கட்டும் என்பது போல, ஆனால் மெதுவாக, சொன்னாள். "லாபம்." அடுத்தது, "ரெண்டு." மூன்றாவதும் போட்டாள். "மூணு."

போட்டுவிட்டு நகரவில்லை. இரண்டு கையையும் உங்கள் பக்கம் லேசாக நீட்டியபடியே ஒரு நிமிஷம் நின்றாள். மூணு சொன்ன பிறகு நீங்கள் எழுவதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவள் கை பழகியிருந்தது. அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. நான் அவள் தோளைத் தொட்டு நகர்த்தினேன்.

சூ இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள. புதன்கிழமை வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது, புது ஆட்கள், அதே சாக்ஸ். ஒன்று மட்டும் மாற்றிவிட்டேன். யாராவது புதிதாக இல்லத்துக்கு வந்தால், எங்கள் ஆட்கள் அவரை எண்ணி எழுப்புவதற்கு முன்னால் நான் துணியோடு போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன். உங்கள் ஏழாம் கட்டிலில் இப்போது ஒரு அம்மா இருக்கிறார், ரொம்பக் கறார். போன வாரம் அவரிடம் கேட்டேன்.

"அம்மா, நீங்க எண்ணுனா எதுலேருந்து ஆரம்பிப்பீங்க?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணுலேருந்துதான். வேற எதுலேருந்து ஆரம்பிப்பாங்க? ஒனக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டு வந்த அரிசியைப் புறாவுக்குப் போடலாம் என்றால் இங்கே அதற்கு அபராதம் போடுவார்கள். குப்பையில் கொட்டவும் கை வரவில்லை. கடைசியில் வீட்டுக்கு எடுத்துப் போய், புடைத்து, கழுவி, உலையில் போட்டுக் கஞ்சியாகக் குடித்தேன். டின்னை நன்றாகத் தேய்த்துக் காய வைத்திருக்கிறேன். நாளைக்குப் புதன்கிழமை. புது அரிசி வாங்கியாயிற்று. முதல் டின்னை மொள்ளும்போது என் வாயில் எது வரும் என்று உங்களுக்குத் தெரியும்.